பாலத்துச் சாலையில் நின்றவர்கள் கணக்கு

சாலை அலுவலகம் எனக்குப் பத்தொன்பது நாள் கூலி கடன்பட்டிருந்தது. நாளொன்றுக்கு நாற்பத்தைந்து வீதம் எண்ணூற்று ஐம்பத்தைந்து. முப்பத்தோரு வருடத்துக்கு முந்தைய கதை. அன்றைக்கு அந்தத் தொகையில் இரண்டு மாத வீட்டு வாடகை கொடுத்துவிட்டு மிச்சத்தில் ஒரு ஜோடி செருப்பும் வாங்கலாம். அவர்களிடம் பணம் இல்லாமல் இல்லை. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் அன்றே தருவதாகச் சொன்னார்கள். நான் போடவில்லை. ஏன் போடவில்லை என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் வண்டி எண்ணுவோர் சங்க மலருக்கு உங்கள் வாழ்க்கையை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் கேட்டார். ஒரு பக்கத்தில் அடங்குகிற ஆளா நான்? இடம் போதாவிட்டால் அவர் தம்முடைய வாழ்த்துரையைக் குறைத்துக்கொள்ளட்டும்.

நான் பள்ளிக்கூடம் போனது மூன்று வருடம். அதிலும் ஒரு வருடம் காய்ச்சல். ஆனாலும் இதை நானே உட்கார்ந்து எழுதுகிறேன். பிழை திருத்துவது அச்சகத்தார் வேலை. அதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம்.

பதினேழு வயதில் சரக்குக் கொட்டகையில் மூட்டை எண்ணும் வேலைக்கு நின்றேன். சுமை தூக்குபவர்கள் முதுகில் மூட்டையோடு ஓடுவார்கள். நான் வாசலில் நின்று பலகையில் கோடு போடுவேன். நான்கு மூட்டைக்கு நான்கு கோடு, ஐந்தாவதற்கு அவற்றின் குறுக்கே ஒன்று. அதனாலேயே எனக்கு 'அஞ்சுகோடு' என்று பட்டப்பெயர் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லித் தேடினால் இந்த ஊரில் என்னை யாருக்கும் தெரியாது. பதினெட்டு வருடத்தில் ஒரு மூட்டை தவறியதில்லை. ஒரு தடவை முதலாளி ஒன்று குறைகிறது என்று குதித்தார். நான் அசையவில்லை. போய்த் தேடினார்கள். அவருடைய மச்சினன் வீட்டில் இருந்தது.

பிறகு கொட்டகைக்கு இயந்திரம் வந்தது, எனக்கு வேலை போனது. முப்பத்தைந்து வயதில் சாலை அலுவலகத்து வாசலில் போய் நின்றேன். வண்டி எண்ண ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்கே மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். வெயிலோ மழையோ அவர் குடையை விரித்து நான் பார்த்ததில்லை, ஆனால் குடையில்லாமலும் பார்த்ததில்லை. எதையும் அந்தக் குடையால்தான் சுட்டுவார். எங்கள் ஆறு பேரையும் அலுவலக வாசலில் உட்காரவைத்து, பத்து நிமிடத்தில் தெருவில் எத்தனை சைக்கிள் போகிறது என்று எண்ணச் சொன்னார். இரண்டு பேர் பட்டம் வாங்கியவர்கள். ஒருவர் ஏழு குறைத்தார், இன்னொருவர் பதினொன்று கூட்டினார். நான் எழுபத்துநான்கு என்றேன். குடைக்காரர் தம் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். எழுபத்துமூன்று என்று எழுதியிருந்தார். "ஐயா, உங்க பின்னால ஒண்ணு போச்சு" என்றேன். மறுநாள் காலையில் வேலை.

வேலை இதுதான். சாலையோரத்தில் ஒரு மடக்கு நாற்காலி. மடியில் அட்டை, அட்டையில் படிவம். சாலையின் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு. கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு வண்டிக்கும் அதனதன் கட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும்: கார், பஸ், லாரி, மோட்டார் சைக்கிள், சைக்கிள். கால் மணிக்கு ஒரு வரிசை. சாயங்காலம் அலுவலகத்தில் எல்லாவற்றையும் காராக மாற்றுவார்கள். பஸ்ஸோ லாரியோ ஒன்று என்றால் மூன்று கார். மோட்டார் சைக்கிள் இரண்டு சேர்ந்தால் ஒரு கார். லாரி ஓட்டுகிற என் மச்சானிடம் இதைச் சொன்னபோது, "அப்போ என்னோட வண்டிக்கு மூணு கார் வரி கட்டணும்னு எவன்கிட்டயும் சொல்லிடாத மச்சான்" என்றான்.

அந்த எண்ணிக்கையை வைத்துச் சாலைக்குத் தரம் போடுவார்கள். ஆறு தரம். முதல் தரம் என்றால் உங்கள் இஷ்டத்துக்குப் போகலாம். மூன்றாம் தரத்தில் முன்னால் போகிறவன் இஷ்டத்துக்குப் போக வேண்டும். ஐந்தில் சாலை விளிம்புவரை நிரம்பியிருக்கும். ஆறாம் தரத்தில் வண்டி நிற்கும், பெட்ரோல் மட்டும் போகும். அந்த வருடம் மாவட்ட மன்றம் ஒரு விதி கொண்டுவர இருந்தது. மாவட்டச் சாலைகள் மூன்றாம் தரத்துக்குக் கீழே போகக்கூடாது. ஊருக்குள் ஓடும் நெடுஞ்சாலை நான்காம் தரத்துக்குக் கீழே போகக்கூடாது. போனால் அகலப்படுத்த வேண்டும், அதுவரை அந்தச் சாலையை நம்பிப் பெரிய கட்டடம் எதற்கும் அனுமதி கிடையாது. நல்ல விதிதான். ஆனால் எந்தச் சாலை எந்தத் தரம் என்று முதலில் யாராவது சொல்ல வேண்டுமே. அதைச் சொல்வதற்குத்தான் வெயிலில் நாங்கள்.

எனக்குப் பாலத்துச் சாலையைக் கொடுத்தார்கள். ஊரின் இந்தப் பக்கத்து ஜனம் முழுக்க அந்த ஒரு பாலத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும். ஆலைகள், அரசு மருத்துவமனை, மன்ற அலுவலகம் எல்லாம் அந்தக் கரையில். என் நாற்காலியைப் பாலத்தின் வாயில் போட்டார்கள். குடைக்காரர் குடையால் கோட்டைத் தொட்டு, "கோட்டைத் தவிர எதையும் பார்க்காதே" என்றார். எனக்கு அது புதிதில்லை. கொட்டகையிலும் வாசலைத் தாண்டினால்தான் அது மூட்டை.

நான்கு நாள் எண்ணினேன். நான்கு தாள்களையும் ஒப்படைத்தேன். நான்காம் நாள் சாயங்காலம் வீட்டில் என் மனைவியிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அவள் அரசு மருத்துவமனையில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்தாள். அன்று தாமதமாகப் போனதற்காக அரை நாள் சம்பளம் பிடித்திருந்தார்கள். அந்த மாதத்தில் அது ஐந்தாவது தடவை. சோர்ந்துபோய் வந்தவளிடம், எந்த மணிக்குச் சாலையில் எத்தனை வண்டி என்று எனக்கு மட்டும்தான் தெரியும், பெரிய பொறியாளரே என்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன்.

காலையில் எந்த மணிக்கு வண்டி குறைச்சல் என்று கேட்டாள்.

எட்டிலிருந்து பத்து என்றேன். ஏழு மணிக்கு மேல் ஆயிரத்து நாற்பது கார் கணக்கு. எட்டுக்கு மேல் நானூற்று எண்பதுதான். ஒன்பதுக்கு மேலும் அவ்வளவே. பத்துக்கு மேல் மறுபடி ஏறிவிடும். எட்டிலிருந்து பத்துவரை சாலை சும்மா கிடக்கிறது, இரண்டாம் தரம்.

அவள் சிரிக்கவில்லை. கால்களை நீட்டி உட்கார்ந்தபடியே சொன்னாள்:

"எட்டரையிலேர்ந்து ஒன்பது வரைக்கும் உங்க நாற்காலிக்குப் பின்னாலதான் பஸ்ல நின்னுட்டிருந்தேன். உங்க வழுக்கையைப் பாத்துட்டே நின்னேன். தலையில ஈ உக்காந்தது கூடத் தெரியும். என்னை எந்தக் கட்டத்துல எழுதினீங்க?"

அன்று இரவு பாயில் புரண்டுகொண்டே கிடந்தேன். தூக்கம் வரவில்லை. கொட்டகையில் பார்த்தது நினைவுக்கு வந்தது. கப்பல் சரக்கு வரும் நாளில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் வாசலில் முண்டியடிப்பார்கள். மூட்டையும் மூட்டையும் இடித்துக்கொண்டு, அந்தக் கால் மணியில் பலகையில் கோடே விழாது. கோடு குறைந்தால் சரக்கு குறைவு என்றா அர்த்தம்? வாசலில் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். இது தெரிந்த நான், பாலத்தின் வாயில் உட்கார்ந்துகொண்டு, பின்னால் இரண்டு கிலோமீட்டர் நின்ற வரிசையைப் பார்க்காமல், முன்னால் தாண்டிய நான்கு வண்டியை எண்ணியிருக்கிறேன். எண்ணிக்கையில் பிசகு இல்லை. ஆனால் சாலை எவ்வளவு மோசமாக நிற்கிறதோ அவ்வளவு நல்ல தரம் அந்தப் படிவத்தில் விழும். நான் செய்த ஒரே தவறு அது, அதுவும் நான்கு நாளைக்குத்தான்.

ஐந்தாம் நாள் விடிவதற்கு முன்பே ஒரு வாளிச் சுண்ணாம்போடு போனேன். பாலத்தின் வாயிலிருந்து பின்னோக்கி, சாலையோர விளக்குக் கம்பங்களுக்கு ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை எண் போட்டேன். கம்பத்துக்குக் கம்பம் அறுபது தப்படி. இரண்டு கம்பத்துக்கு இடையில் எட்டு கார் நிற்கும். அதையும் மூன்று தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டேன். வரிசையின் வால் எந்தக் கம்பத்தில் என்று தெரிந்தால் நிற்பது எத்தனை என்று தெரிந்துவிடும். ஆனால் நான் நாற்காலியை விட்டு எழுந்து போக முடியாது. ஆகவே பஸ் நடத்துநர்களைப் பிடித்தேன். வரிசையில் பஸ் முதலில் நிற்கிற இடத்தில் எந்தக் கம்பம், என்ன மணி, வண்டி எண் என்ன என்று ஒரு கிழிந்த சீட்டின் பின்னால் எழுதிவைத்து, என்னைத் தாண்டும்போது ஜன்னல் வழியே போட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்டேன்.

முதல் நாள் சிரித்தார்கள். "என்ன அண்ணே, லவ் லெட்டரா?" என்றான் ஒருவன். மூன்றாம் நாளில் போட்டியாகிவிட்டது. "முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு" என்று ஏதோ பரிசு விழுந்தவன்போல் ஒரு நடத்துநர் படியில் தொங்கிக்கொண்டு கத்துவான். தாமதத்துக்காகத் தினமும் பயணிகளிடமும் மேலாளரிடமும் திட்டு வாங்கியவர்கள் அவர்கள். அந்தத் தாமதத்தை எழுதிவைக்க ஒருவன் கிடைத்தான் என்றால் சும்மா விடுவார்களா?

படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் நானே ஒரு கட்டம் இழுத்தேன். தலைப்பு 'நிற்பவை'. கால் மணிக்கு ஒரு தடவை அதில் வரிசையின் வாலும் காத்திருந்த நேரமும். பதினைந்து நாளில் முந்நூற்று நாற்பத்தொரு சீட்டு சேர்ந்தது. ஒவ்வொன்றையும் அதனதன் தாளில் குண்டூசியால் குத்தினேன்.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் தாள்களோடு அலுவலகம் போனேன். குடைக்காரர் ஓரத்துக் கட்டத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பொறியாளரின் அறைக்கு அழைத்துப் போனார். பொறியாளர் கெட்ட மனிதர் இல்லை. வெயிலில் நிற்காத மனிதர், அவ்வளவுதான். சுவரில் பெரிய வரைபடம் தொங்கியது. சாலைகளுக்குத் தரத்தின்படி நிறம் தீட்டியிருந்தார்கள். பாலத்துச் சாலை பச்சை. நான் முதலில் கொடுத்த நான்கு தாள்களை வைத்தே தீட்டிவிட்டார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் நானூறு கடைகளோடு ஒரு வணிக வளாகம் கட்ட யாரோ விண்ணப்பம் போட்டிருந்தார்கள். பச்சை என்றால் தடையில்லை. மீதிப் பதினைந்து நாள் தாள்கள் கோப்பு நிரம்புவதற்காக மட்டும் தேவைப்பட்டன.

ஓரத்தில் இது என்ன என்று கேட்டார். சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு, இந்தப் படிவம் தலைமை அலுவலகத்தில் அச்சடித்தது, அதில் கட்டம் சேர்க்க எனக்கே அதிகாரம் இல்லை என்றார். சுத்தமான தாள்களில் அந்த ஓரம் இல்லாமல் நகல் எடுத்துவைக்கிறோம், கீழே கையெழுத்துப் போடு, பத்தொன்பது நாள் கூலியையும் இப்போதே வாங்கிக்கொள், அடுத்த மாதமும் முப்பது நாள் வேலை தருகிறேன் என்றார். குடைக்காரர் பின்னாலிருந்து என் முதுகைக் குடை நுனியால் மெல்லத் தள்ளினார்; போட்டுவிடு என்று அர்த்தம்.

"படிவத்துல இல்லாதது எதுவும் கணக்குல வராதுப்பா" என்றார் பொறியாளர்.

"என் பொண்டாட்டி தினம் அரை மணி நேரம் அந்த ரோட்டுலதான் நிக்கறா சார். அவ கணக்குல வரமாட்டான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு நான் எந்த வீட்டுக்குப் போறது?"

தாள்களைத் திரும்ப எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டேன். கூலி கொடுத்தால் தாள், அதுவும் ஓரத்தோடு என்றேன். அப்படியே வெளியே வந்துவிட்டேன்.

வாடகை கொடுக்க வழியில்லை. மச்சான் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் புத்தி சொன்னான். பென்சில் கோட்டுக்காக ஒருவன் பட்டினி கிடப்பதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றான். ரப்பர் என்ன விலை, நான் வாங்கித் தருகிறேன் என்றான். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் போட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை போட்டிருப்பேன். அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"போடுங்க. போட்டுட்டு வந்து அந்தத் தாளை எனக்கும் ஒண்ணு குடுங்க. நாளைக்கு லேட்டானா எங்க ஆபீஸ்ல காட்டறேன், ரோடு காலியா இருக்குன்னு எங்க வீட்டுக்காரரே எழுதியிருக்காரு, நான்தான் வேணும்னே நின்னேன்னு."

அதற்குப் பிறகு மச்சான் ரப்பரைப் பற்றிப் பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து மாவட்ட மன்றத்தில் விதியை நிறைவேற்றும் கூட்டம். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் எழுந்து மூன்று நிமிடம் பேசலாம் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். கூட்டம் காலை ஒன்பது மணிக்கு. நான் எட்டரைக்கே தாள் கட்டோடு பாலத்துச் சாலையில் நடந்தேன். வழக்கம்போல வரிசை நின்றது. இருபத்தொன்பதாம் கம்பத்தடியில் மன்றத் தலைவரின் கார். பின் இருக்கையில் செய்தித்தாளை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். என் கடிகாரத்தில் எட்டு ஐம்பது. எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வருவதற்குப் படிப்பு எதற்கு? பாலத்தின் வாய்க்குப் போய் பழைய இடத்தில் நின்றேன். தலைவர் கார் கோட்டைத் தாண்டும்போது ஒன்பது இருபத்திரண்டு. எழுதிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினேன்.

மண்டபத்தில் எழுபது நாற்காலி இருக்கும், பாதிக்கு மேல் காலி. முன்னால் அதே வரைபடம், அதே பச்சை. தலைவர் தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்துவிட்டு உட்கார்ந்தார். பொறியாளர் எழுந்து தரங்களை விளக்கினார். அழகாகப் பேசினார். பாலத்துச் சாலை வந்தபோது, காலை எட்டு முதல் பத்துவரை மணிக்கு ஐந்நூறு கார் அளவுக்குத்தான் போக்குவரத்து, இன்னும் இரண்டு மடங்கு தாங்கும் என்றார். வளாகம் கட்டுகிறவர்கள் முதல் வரிசையில் தலையாட்டினார்கள்.

என் முறை வந்தது. எழுந்தேன்.  முதலில் சொல்ல வேண்டியது என் தவறு. என்னைத் தெரிந்த நடத்துநர்கள் பத்துப் பதினைந்து பேர் பின்னால் இருந்தார்கள். எண்ணுவதில் என்னை அடிக்க ஆளில்லை என்று அவர்களிடம்தான் தினம் தினம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பச்சைக்குக் காரணமான நான்கு தாளும் என் கையால் எழுதியது என்றேன். எண்ணிக்கை சரி, தரம் தப்பு, அது எனக்குத் தெரிய நான்கு நாள் ஆனது, அதையும் எனக்குச் சொன்னது என் மனைவி என்றேன். யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன். பிறகு தலைவரைப் பார்த்துக் கேட்டேன்:

"ஐயா, நீங்க இன்னைக்குக் காலையில எந்தக் கட்டத்துல இருந்தீங்க?"

அவருக்குப் புரியவில்லை.

"எட்டு அம்பதுக்கு இருபத்தொன்பதாம் கம்பத்துல நின்னீங்க, பேப்பர் படிச்சுட்டிருந்தீங்க. ஒன்பது இருபத்திரண்டுக்குக் கோட்டைத் தாண்டினீங்க. தாண்டினப்போ உங்களுக்கு ஒரு கோடு விழும். நின்ன முப்பத்திரண்டு நிமிஷத்துக்கு இந்தப் படிவத்துல இடமே இல்ல. இது உங்களுக்கு ஒரு நாள். பின்னால உக்காந்திருக்கறவங்களுக்குத் தினம்."

 தலைவர் தம் கடிகாரத்தைப் பார்த்தார், ஏதோ அதில் எழுதியிருப்பதுபோல. அந்தக் கம்பத்தில் எண் போட்டது யார் என்று கேட்டார். நான்தான், சுண்ணாம்பும் என் காசு என்றேன். தாள் கட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அவர் குண்டூசி குத்திய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பின்வரிசையிலிருந்து ஒரு நடத்துநர் எழுந்து, அந்தச் சீட்டுகளில் எங்கள் வண்டி எண் இருக்கிறது, எங்கள் பணிமனைக் குறிப்பேட்டோடு ஒத்துப்பார்க்கலாம் என்றார். எனக்கு ஒதுக்கிய மூன்று நிமிடம் இருபத்தைந்து நிமிடமானது. ஒருவரும் மணி அடிக்கவில்லை.

அன்று விதியை நிறைவேற்றவில்லை. இரண்டு வாரம் தள்ளிவைத்து, பணிமனைக் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டுத்தான் நிறைவேற்றினார்கள். மூன்றாம் தரமும் நான்காம் தரமும் முன்பு சொன்னபடியே. ஆனால் கூட ஒரு வரி சேர்ந்தது: தரம் போடும்போது கோட்டைத் தாண்டிய வண்டிகளோடு, நிற்கும் வரிசையின் நீளத்தையும் காத்திருந்த நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த விதியை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். என் பெயர் அதில் இருக்காது. அந்த ஒரு வரி என்னுடையது. பாலத்துச் சாலை பச்சையிலிருந்து ஒரே தாவலில் சிவப்புக்குப் போனது, ஆறாம் தரம். வளாகம் நின்றது. இரண்டாவது பாலத்துக்குக் கல் நட நான்கு வருடம் ஆனது என்பது வேறு விஷயம்.

இன்று எண்ணும் வேலையை நானே ஒப்பந்தத்துக்கு எடுக்கிறேன், என்னிடம் இருபத்திரண்டு பேர் எண்ணுகிறார்கள். கேமராவும் வந்துவிட்டது, என் மாப்பிள்ளை அதைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறார். பலத்த மழை பெய்தால் அது கண்ணை மூடிக்கொள்ளும். அப்போது நாற்காலியை எடுத்துக்கொண்டு நான்தான் போக வேண்டியிருக்கிறது.

கடனுக்கு வருகிறேன். விதி நிறைவேறிய மறுநாள் கூலி வாங்கப் போனேன். காசாளரின் ஜன்னல் ஓர் ஆளின் முகம் தெரிகிற அளவுக்குத்தான் இருக்கும். அவர் ஒரு தாளைத் தள்ளினார். எண்ணூற்று ஐம்பத்தைந்தில் படிவங்களைப் பாழாக்கியதற்கு அறுபது பிடித்தம். கம்பங்களைக் கழுவும் செலவு நூற்றிருபது. மீதி அறுநூற்று எழுபத்தைந்து, கையெழுத்துப் போடு. அதே கம்பங்களின் எண்ணுக்கு நல்ல பெயிண்ட் அடிக்கும்படி முந்தைய நாள்தான் இதே அலுவலகத்துக்கு உத்தரவு வந்திருந்தது. அதைச் சொன்னேன். அது வேறு பிரிவு என்றார்.

"கழுவற பிரிவும் பெயிண்ட் அடிக்கற பிரிவும் பேசி முடிச்சுட்டுச் சொல்லுங்க. நான் இங்கயேதான் இருக்கேன்" என்றேன்.

வெளியே போய் என் மடக்கு நாற்காலியை எடுத்துவந்து ஜன்னலுக்கு எதிரே போட்டேன். மடியில் அட்டை, ஒரு வெள்ளைத் தாள். மூன்று கட்டம் இழுத்தேன்: வந்தவர்கள், வேலை முடிந்து போனவர்கள், நிற்பவர்கள். கால் மணிக்கு ஒரு வரிசை. முதல் நாள் மாலைக்குள் அறுபத்துமூன்று பேர் வந்து, இருபத்திரண்டு பேர் முடிந்து, நாற்பத்தொரு பேர் நாளை வாருங்கள் என்று திரும்பியிருந்தார்கள். அந்தத் தாளை ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனேன். காவலாளி கிழிக்க வந்தார். அவருக்கே இரண்டு மாத மிகைநேரப் படி பாக்கி. படித்துப் பார்த்துவிட்டு, நான்கு மூலையையும் இன்னும் அழுத்தி ஒட்டினார்.

இரண்டாம் நாள் காசாளரின் கை கொஞ்சம் வேகமாக ஓடியது. முப்பத்தாறு பேர் முடிந்து போனார்கள். அதையும் நேர்மையாக எழுதினேன். கூட்டிக் குறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. வரிசையில் நிற்பவர்கள் என்னிடமே வந்து தங்கள் முறை எப்போது வரும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வந்தது. காசாளர் எட்டிப்பார்த்து, "யோவ், இது ஆபீஸா, உன் ரோடா?" என்றார். வரிசையிலிருந்த ஒருவர், "ரோடுன்னா இந்நேரம் பாலம் தாண்டியிருப்போம் சார்" என்றார்.

மூன்றாம் நாள் என் மனைவிக்கு வாரவிடுமுறை. அவளும் வந்து பக்கத்தில் நின்றாள். உட்காரச் சொன்னேன், மறுத்துவிட்டாள். நின்று பழக்கம் என்றாள், என்னைக் குத்துவதற்காகவே. பதினொரு மணிக்குப் பொறியாளர் மாடியிலிருந்து இறங்கினார். பின்னால் குடைக்காரர், குடையோடு. பொறியாளர் சுவரில் இருந்த இரண்டு தாள்களையும் என் மடியில் இருந்ததையும் நின்று படித்தார். கடைசிக் கட்டத்தில் வெகுநேரம் விரலை வைத்திருந்தார்.

"இங்கயும் ஒரு கட்டம் சேர்த்துட்டியா?" என்றார்.

"சேர்க்கல சார். இருந்தது, யாரும் கோடு போடல."

அவர் முகத்தில் சிரிப்பு வந்ததா என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஜன்னலுக்குள் குனிந்து, பிடித்தம் இல்லாமல் முழுசாகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போனார். காசாளர் புதிதாக ஒரு சீட்டு எழுதினார். படித்துப் பார்த்தேன், எழுத்துக் கூட்டி, அவசரப்படாமல். எண்ணூற்று ஐம்பத்தைந்து. வேறு வாசகம் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

அவர் நோட்டுகளைச் சுருட்டி ஜன்னல் வழியே நீட்டினார். நான் வாங்கவில்லை.

"இந்தக் கணக்கைக் கேட்டது இவ. இவ கையில எண்ணுங்க."

காசாளர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பின்னால் வரிசை அசையாமல் நின்றது. என் மனைவி ஜன்னலுக்கு முன்னால் வந்து கையை விரித்து நீட்டினாள். சோப்பிலும் சோடாவிலும் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடித்திருந்த கை. அவர் ஒவ்வொரு நூறாக வாய்விட்டு எண்ணி அதில் வைத்தார். நான்காவது நூறுவரை நான் மனதுக்குள் நேர்க்கோடு போட்டேன், ஐந்தாவதற்குக் குறுக்கே ஒன்று, பிறகு இன்னும் மூன்று. அதன் மேல் ஓர் ஐம்பது. கடைசியில் இழுப்பறையைத் துழாவி ஓர் ஐந்தை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். அவள் கையை மூடாமல் இன்னொரு தடவை எண்ணச் சொன்னாள். அவர் எண்ணினார்.